உழவைக் குறைத்தால் மண்ணில் கரிமம் ஏறுமா? சொந்த வயலிலேயே அளந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

உழவை நிறுத்திய வயலில் மேல்மண்ணை மட்டும் எடுத்து ஆய்வுக்குக் கொடுத்தால், அங்ககக் கரிமம் (மக்கிய பொருளில் உள்ள கரிமம்) 0.48 விழுக்காட்டிலிருந்து 0.58 ஆகிவிட்டதாக முடிவு வரலாம். பார்த்தவுடன் மகிழ்ச்சியாக இருக்கும். அதே வயலில் 30 செ.மீ. வரை தோண்டி, மண்ணின் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், அந்தக் கூடுதலில் பாதிக்கு மேல் காணாமல் போய்விடுவதும் உண்டு. எந்த முடிவை நம்புவது? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமலேயே பலர் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பெரம்பலூர் பக்கத்துக் கரிசலில் மானாவாரியாக மக்காச்சோளம் போடும் ஒரு ஏக்கரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். புரட்டாசி, ஐப்பசி மழையில் விதைப்பு, தை, மாசியில் அறுவடை, சித்திரை மழைக்குக் கோடை உழவு என்று ஓடும் நிலம் அது. செம்மண்ணுக்கும் இதே வரிசைதான். நடவு நெல் வயலுக்கு இது பொருந்தாது. அங்கே தேங்கும் தண்ணீரும் மீத்தேனும் சேர்ந்து கணக்கே வேறாகிவிடும்.

1. முதலில் மூன்று கணக்குகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

உழவையும் கரிமத்தையும் பற்றிப் பேசும்போது மூன்று வெவ்வேறு கணக்குகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. மண்ணில் எவ்வளவு கரிமம் இருப்பில் இருக்கிறது என்பது ஒன்று. மண்ணிலிருந்து ஒரு நாளில் எவ்வளவு கரியமில வாயு வெளியேறுகிறது என்பது இன்னொன்று. டிராக்டர் எரித்த டீசலிலிருந்து எவ்வளவு புகை போனது என்பது மூன்றாவது.

இருப்பை வங்கிக் கணக்கில் கிடக்கும் பணம் என்று வைத்துக்கொண்டால், வாயு அன்றாடச் செலவு. செலவு கூடியிருக்கிறது என்பதற்காக இருப்பு குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது, வரவும் கூடியிருக்கலாம். தட்டை நிறைய விட்ட வயலில் நுண்ணுயிர்களும் நிறைய இருக்கும். அவை விடும் மூச்சும் அதிகமாகவே இருக்கும். வாயுவை மட்டும் அளந்துவிட்டு ‘உழாத வயலிலும் கரியமில வாயு வருகிறதே’ என்று கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தேவையில்லாத ஏமாற்றம்.

உழவு கரிமத்தை ஏன் குறைக்கிறது? மண் கட்டிகளுக்குள்ளே நுண்ணுயிர் எட்டாத இடத்தில் பழைய மக்கு ஒளிந்திருக்கிறது. கலப்பை அந்தக் கட்டிகளை உடைக்கிறது, உள்ளே காற்று போகிறது, மேலே கிடந்த தட்டை ஈரமண்ணோடு கலக்கிறது. நுண்ணுயிர்களுக்கு ஒரே நாளில் விருந்து கிடைத்த மாதிரிதான். உழுதவுடன் பயிர் பச்சையாக எழுவதற்கு ஒரு காரணம், அப்படி மக்கு சிதையும்போது வெளிவரும் தழைச்சத்து. அது மண்ணின் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழித்தது.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மண்வெட்டி, கடப்பாரை, அளவு நாடா, இரண்டு சுத்தமான பிளாஸ்டிக் வாளி, சமையலறைத் தராசு போல ஒரு கிராம் வரை காட்டும் தராசு. 5 செ.மீ. உள்விட்டமும் 10 செ.மீ. உயரமும் உள்ள இரும்புக் குழாய்த் துண்டு ஒன்று. அதன் ஒரு முனையை வெளிப்பக்கமாகச் சரித்துக் கூராக்கி வையுங்கள். உள்பக்கம் சரித்தால் மண்ணை அமுக்கிவிடும், அடர்த்தி தப்பாக வரும்.

துணிப்பைகள், அழியாத மை எழுதுகோல், ஒரு நோட்டு. நோட்டை நான் கடைசியில் சொன்னாலும் அதுதான் முதன்மை. மூன்றாம் ஆண்டில் ‘எந்தப் பட்டையில் எந்தக் கலப்பை ஓடியது’ என்பதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

வாயு அளப்பதற்குக் காஸ்டிக் சோடா, ஹைட்ரோகுளோரிக் அமிலம், பேரியம் குளோரைடு, பீனால்ப்தலீன் வேண்டும். இவற்றை வீட்டில் வாங்கி வைக்க வேண்டாம். பக்கத்தில் உள்ள கல்லூரி வேதியியல் ஆய்வகத்தையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ கேட்டு, அவர்களோடு சேர்ந்து செய்யுங்கள். பேரியம் குளோரைடு நஞ்சு. காஸ்டிக் கரைசல் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

3. நிலத்தைப் பட்டைகளாகப் பிரியுங்கள்

பாதி நிலம் உழுதது, பாதி உழாதது என்று இரண்டாகப் பிரிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அது போதாது. மேட்டுப் பக்கத்து மண்ணும் பள்ளத்து மண்ணும் தொடக்கத்திலேயே ஒன்றாக இருக்காது. மழை மேல்மண்ணை அரித்துப் பள்ளத்தில் சேர்த்திருக்கும். உழாத பாதி பள்ளத்தில் அமைந்துவிட்டால், ஒன்றுமே செய்யாமல் அதில் கரிமம் அதிகமாகத் தெரியும்.

அதனால் ஆறு பட்டைகளாகப் பிரியுங்கள். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். 10 மீட்டர் அகலப் பட்டை என்றால் டிராக்டர் தடையில்லாமல் ஓடும். பட்டைகள் சரிவின் போக்கிலேயே மேட்டிலிருந்து பள்ளம் வரை நீளட்டும். அப்போது ஒவ்வொரு பட்டையிலும் கொஞ்சம் மேடும் கொஞ்சம் பள்ளமும் இருக்கும். சரிவு கூடுதலான நிலமென்றால் உழவு சரிவுக்குக் குறுக்கேதான் போக வேண்டும், அங்கே இந்தச் சோதனைக்கு வேறு சமமான இடம் தேடுங்கள்.

ஒன்றும் இரண்டும் ஒரு ஜோடி, மூன்றும் நான்கும் ஒரு ஜோடி, ஐந்தும் ஆறும் ஒரு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் எது உழும் பட்டை, எது உழாத பட்டை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். நம் கையில் விட்டால் நல்ல மண் உள்ள பக்கத்தை நமக்குப் பிடித்த முறைக்குக் கொடுத்துவிடுவோம்.

மூலைகளில் கல் நடுங்கள். மரக்குச்சி நட்டால் அடுத்த கோடைக்குள் கரையான் தின்றுவிடும், அல்லது அடுப்புக்குப் போய்விடும்.

4. கலப்பை இறங்கும் முன் முதல் மாதிரி எடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். உழவு முறையை மாற்றுவதற்கு முன் மண் எப்படி இருந்தது என்ற அளவை, மாற்றிய பிறகு எந்தப் பணம் கொடுத்தாலும் வாங்க முடியாது. ஆனாலும் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் விடுவது இதைத்தான். டிராக்டர் வந்துவிட்டது, மழை போய்விடும், மாதிரியை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று உழுதுவிடுவார்கள்.

நேரம்: அறுவடை முடிந்து, மண்ணில் இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கும்போது. பங்குனி வரை தள்ளினால் கரிசல் வெடித்துப் பாறையாகிவிடும், குழாய் இறங்காது. தொழுவுரம் கொட்டுவதற்கும் முன்பாகவே எடுத்துவிட வேண்டும்.

ஆழம்: 0–10, 10–20, 20–30 செ.மீ. என்று மூன்று அடுக்கு. மண்வள அட்டைக்கு 15 செ.மீ. வரை எடுத்தால் போதும், அது உரப் பரிந்துரைக்கான ஆழம். இங்கே அது போதாது. காரணம் இதுதான்: உழாத நிலத்தில் தட்டையும் சருகும் மேலேயே கிடந்து மக்குவதால் கரிமம் மேல் அடுக்கில் குவியும். உழும் நிலத்தில் கலப்பை அதையே கீழே தள்ளிக் கலந்துவிடும். மேல் அடுக்கை மட்டும் பார்த்தால் உழாத நிலம் பெரும்பாலும் ஜெயிக்கும். கீழ் அடுக்குகளில் உழுத நிலம் சிலசமயம் முந்தியிருக்கும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால்தான் நியாயம்.

ஒவ்வொரு பட்டையிலும் வளைந்து வளைந்து நடந்து எட்டு இடங்களில் எடுங்கள். வரப்போரம், எரு கொட்டிய இடம், மரநிழல், ஆட்டுக்கிடை போட்ட இடம் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். மேலே கிடக்கும் தட்டையைக் கையால் ஒதுக்குங்கள், மண்ணைச் சுரண்டி எடுத்துவிடாதீர்கள். கரிமம் மிகுந்த மண் அந்த முதல் விரல்கடை ஆழத்தில்தான் இருக்கிறது.

குழி தோண்டி எடுப்பதானால் ஒரு பக்கச் சுவரைச் செங்குத்தாகச் செதுக்கி, கீழ் அடுக்கை முதலில் எடுங்கள், அப்புறம் நடு, கடைசியாக மேல். மேலிருந்து தொடங்கினால் மேல்மண் உதிர்ந்து கீழ் மாதிரியில் கலந்துவிடும். மேல்மண் ஒரு பிடி விழுந்தாலே கீழ் அடுக்கின் எண் ஏறிவிடும்.

எட்டு இடத்து மண்ணையும் அடுக்குவாரியாகத் தனித்தனி வாளியில் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை ஒதுக்கிக்கொண்டே வந்து, ஒரு கிலோ அளவில் நிறுத்துங்கள். ஆறு பட்டை, மூன்று அடுக்கு, மொத்தம் பதினெட்டுப் பைகள். பைக்குள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு.

5. மண்ணின் அடர்த்தியை அதே நாளில் அளந்துவிடுங்கள்

அடர்த்தி என்பது ஒரு கன செ.மீ. மண் காய்ந்த நிலையில் எத்தனை கிராம் என்பது. இது தெரியாமல் விழுக்காட்டை டன்னாக மாற்ற முடியாது. அலுப்பான வேலைதான், ஆனாலும் தள்ளிப்போடக் கூடாது.

முதல் அடுக்குக்குத் தரை மேலிருந்தே குழாயை வைத்து, மேலே ஒரு மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் மெதுவாக அடித்து இறக்குங்கள். குழாயைச் சுற்றித் தோண்டி எடுத்து, இரண்டு முனையிலும் கத்தியால் மண்ணைச் சமமாக வெட்டுங்கள். 5 செ.மீ. விட்டம், 10 செ.மீ. உயரம் என்றால் கொள்ளளவு 196 கன செ.மீ. அடுத்த அடுக்குக்கு 10 செ.மீ. வரை மண்ணை நீக்கிவிட்டு மறுபடி இறக்குங்கள். பட்டைக்கு மூன்று இடமாவது பாருங்கள்.

எடுத்த மண்ணை 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி எடை போட வேண்டும். வெயிலில் காய்ந்த மண்ணில், குறிப்பாகக் கரிசலில், ஈரம் கணிசமாக ஒட்டியிருக்கும். அந்த வெப்பத்தில் உலர்த்தும் அடுப்பு இல்லையென்றால் ஈர எடையை வயலிலேயே குறித்துக்கொண்டு ஆய்வகத்தில் உலர்த்தித் தரச் சொல்லுங்கள்.

கரிசலுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஈரமானால் விரியும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும் மண் இது. அதனால் அடர்த்தியும் ஈரத்தோடு மாறும். ஆறு பட்டைகளையும் ஒரே நாளில், அல்லது இடையில் மழை வராத இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். ஒரு பட்டையை மழைக்கு முன்னும் இன்னொன்றை மழைக்குப் பின்னும் அளந்தால், உழவின் விளைவையும் மழையின் விளைவையும் பிரிக்கவே முடியாது. வெடிப்பு உள்ள இடத்தில் குழாயை இறக்காதீர்கள்.

சுக்கான் கல் நிறைய இருந்தால் 2 மி.மீ. சல்லடையில் சலித்து, கல்லின் எடையை மட்டும் கழித்துவிடுங்கள், கொள்ளளவைக் குழாயின் முழு அளவாகவே வையுங்கள். கல்லில் நாம் தேடும் அங்ககக் கரிமம் இல்லை.

6. ஆய்வகத்துக்குக் கொடுக்கும் முன்

மண்ணை நிழலில் உலர்த்துங்கள். வேரையும் தட்டைத் துணுக்குகளையும் பொறுக்கி நீக்கி, 2 மி.மீ. சல்லடையில் சலியுங்கள். ஒவ்வொரு பைக்கும் வெவ்வேறு விதமாக வேரைப் பொறுக்கினால் அதுவே எண்ணை மாற்றிவிடும், பதினெட்டையும் ஒரே ஆள் செய்வது நல்லது.

எந்த முறையில் அளப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஊர் மண் ஆய்வுக்கூடங்களில் வழக்கத்தில் இருப்பது வாக்லி–பிளாக் முறை. பொட்டாசியம் டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் சேர்த்து அங்ககக் கரிமத்தை எரிப்பார்கள். அது முழுதும் எரியாது, சுமார் 77 விழுக்காடுதான் என்று கொண்டு 1.3ஆல் பெருக்குவது வழக்கம். சில ஆய்வகங்கள் பெருக்கித் தரும், சில தராது. முதல் ஆண்டு பெருக்காத எண்ணும் மூன்றாம் ஆண்டு பெருக்கிய எண்ணும் கையில் இருந்தால், கரிமம் 30 விழுக்காடு ஏறிவிட்டது போலத் தோன்றும்.

சூளை போன்ற கருவியில் மண்ணை எரித்து அளக்கும் முறை இதைவிடத் துல்லியமானது. ஆனால் கரிசலில் சுண்ணாம்பு இருக்கிறது. கருவி சுண்ணாம்பிலுள்ள கரிமத்தையும் சேர்த்தே காட்டும். அமிலம் விட்டுச் சுண்ணாம்பை நீக்கிய பிறகுதான் எரித்தார்களா என்று கேளுங்கள். கொஞ்சம் மண்ணில் இரண்டு சொட்டு நீர்த்த அமிலம் விட்டு நுரைத்தால் உங்கள் மண்ணில் சுண்ணாம்பு உண்டு.

ஒவ்வொரு பையிலிருந்தும் கால் கிலோவை எடுத்து, நன்கு உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் அடைத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இதன் அருமை கடைசிப் படியில் தெரியும்.

7. உழும் பட்டை, உழாத பட்டை

உழும் பட்டையில் நீங்கள் வழக்கமாகச் செய்வதையே செய்யுங்கள். சட்டிக் கலப்பை ஒரு ஓட்டு, ஒன்பது கொத்துக் கலப்பை இரண்டு ஓட்டு, ரோட்டவேட்டர் ஒரு ஓட்டு என்றால் அதுவே இருக்கட்டும். சோதனைக்காகக் கூடுதலாகவும் ஓட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

உழாத பட்டைக்கு முன்வேலை உண்டு. நல்ல மழை பெய்த மறுநாள், விரல் பருமனுள்ள இரும்புக் கம்பியைப் பல இடங்களில் குத்திப் பாருங்கள். எங்கு குத்தினாலும் 15, 20 செ.மீ. ஆழத்திலேயே நின்றுவிட்டால் அடியில் மண் தட்டுப்போல் இறுகியிருக்கிறது. வருடக்கணக்காக ஒரே ஆழத்தில் உழுததன் பலன் அது. அந்த நிலையில் உழவை நிறுத்தினால் வேர் இறங்காது, விளைச்சல் விழும். விளைச்சல் விழுந்தால் மண்ணுக்குள் போகும் வேரும் தட்டையும் குறையும், கரிமமும் குறையும். எனவே முதல் மாதிரி எடுத்த பிறகு, ஆறு பட்டைகளிலும் ஒரே மாதிரியாக, அரை மீட்டர் இடைவெளியில் இரு திசையிலும் ஒரு தடவை உளிக் கலப்பை ஓட்டுங்கள். உளிக் கலப்பை மண்ணைப் புரட்டாமல் கீறிவிடுகிறது. ‘அகல உழுவதைவிட ஆழ உழு’ என்று பெரியவர்கள் சொன்னதற்கு இந்த இடத்தில் இன்றும் பொருள் உண்டு.

அதற்கப்புறம் உழாத பட்டையில் விதை விழும் வரியை மட்டும் கீறுங்கள், அல்லது 60 செ.மீ.க்கு 25 செ.மீ. என்று கையால் ஊன்றுங்கள். புதிதாகச் செய்பவர்கள் காய்ந்த தட்டைமேல் விதையைப் போட்டுவிட்டு முளைக்கவில்லை என்கிறார்கள். தட்டையை விலக்கி விதை ஈரமண்ணைத் தொடும்படி ஊன்ற வேண்டும்.

தட்டைதான் உழாத முறையின் உயிர். உழவை நிறுத்திவிட்டுத் தட்டையை முழுதும் மாட்டுக்கு அள்ளிக்கொண்டு போனால், மண் மூடாமல் இறுகிக் கிடக்கும், கரிமமும் ஏறாது. உழாமைக்கும் கரிமத்துக்கும் சம்பந்தமில்லை என்று சொல்பவர்களின் வயல் பலவும் இப்படித்தான் இருக்கிறது. தரையில் குறைந்தது 30 விழுக்காடாவது மூடியிருக்க வேண்டும். அளப்பது எளிது: ஒரு கயிற்றில் 10 செ.மீ.க்கு ஒன்றாக நூறு முடிச்சுப் போட்டு, விதை வரிகளுக்குக் குறுக்காகச் சாய்த்து விரித்து, எத்தனை முடிச்சுக்கு நேர்கீழே தட்டை இருக்கிறது என்று எண்ணுங்கள். முப்பது முடிச்சு என்றால் முப்பது விழுக்காடு.

மாசியில் எழுபது இருக்கும் எண் ஆடியில் பத்தாகிவிடும். ஊர் ஆடுகள் மேயும், கரையான் தின்னும். மாட்டுத் தீவனத்துக்கு எவ்வளவு, வயலுக்கு எவ்வளவு என்று அறுவடையன்றே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். வேலி போட முடியாவிட்டால், கோடை மழைக்குக் கொள்ளு, சணப்பு, தட்டைப்பயறு இவற்றில் ஒன்றை ஊன்றி மூடாக்காக விடலாம்.

தொழுவுரம் போட்டால் ஆறு பட்டைக்கும் ஒரே அளவு போடுங்கள். ‘இயற்கை முறைப் பட்டை’ என்று நினைத்து உழாத பட்டைக்கு மட்டும் எரு போடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. அப்படிச் செய்தால் நீங்கள் அளப்பது எருவின் கரிமம். அது வேறு இடத்து மண்ணிலிருந்து வந்தது.

களை கூடும், முக்கியமாகக் கோரையும் அருகும். முதல் இரண்டு பருவம் கைக்களை வெட்டும் கூலி ஏறும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். படைப்புழு கடுமையாகத் தாக்கிய வயலானால் இன்னொரு சங்கடமும் உண்டு. மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவை வெயிலுக்கும் பறவைக்கும் காட்டிக்கொடுப்பது கோடை உழவுதான். ஆகவே முழு நிலத்திலும் ஒரே வருடத்தில் உழவை நிறுத்தச் சொல்ல மாட்டேன். பட்டைகளில் பாருங்கள், பயிர்ச் சுழற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யூரியாவைத் தட்டைமேல் தூவாதீர்கள். பிரித்துப் பிரித்து, மண்ணுக்குள் வைத்து மூடுங்கள். ஈரம் தங்கி இறுகிய கரிசலில், உரத்தின் தழைச்சத்திலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயு கூடுதலாக வெளிவர வாய்ப்புண்டு. நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 273 மடங்கு வெப்பமூட்டக் கூடியது. மண்ணில் சேர்த்த கரிமத்தின் நன்மையை அது தின்றுவிடக் கூடாது.

8. உழுத அன்று மண் விடும் மூச்சை அளப்பது

விருப்பம் உள்ளவர்களுக்கான படி இது. இருப்பைக் கணக்கிட இது கட்டாயமில்லை. ஆனால் உழவு என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் பார்த்ததுபோல் புரியவைப்பது இதுதான். 1993இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் கோதுமை அறுத்த வயலை மண் புரட்டும் கலப்பையால் உழுது 19 நாள் அளந்தார்கள். அந்த நாட்களில் வெளியேறிய கரிமம், பயிர் விட்டுப்போன தாளில் இருந்த கரிமத்தைவிட அதிகமாக இருந்தது.

நமக்கு எளிய முறை போதும். அகலவாய்ப் புட்டியில் ஒரு நார்மல் செறிவுள்ள காஸ்டிக் சோடாக் கரைசல் 20 மி.லி. எடுத்து, கம்பி முக்காலிமேல் வைத்து, பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து விளிம்பை 2 செ.மீ. மண்ணுக்குள் அழுத்துங்கள். வாளியை வெள்ளைத் துணியால் மூடுங்கள், இல்லாவிட்டால் வெயிலில் உள்ளே சூடேறி நுண்ணுயிர் வேகம் கூடிவிடும். 24 மணி நேரம் கழித்துப் புட்டியை உடனே மூடி எடுங்கள். திறந்து வைத்தால் வெளிக்காற்றில் உள்ள வாயுவையும் கரைசல் உறிஞ்சும்.

கூடவே ஒரு வாளியை மண்ணைத் தொடாமல், அடியில் மூடியிட்டு அடைத்து அதே வயலில் வையுங்கள். வாளிக்குள் முதலிலேயே இருந்த காற்றின் கணக்கைக் கழிக்க இது வேண்டும். இதை மறந்தால் மற்ற எல்லா எண்ணும் வீண்.

ஆய்வகத்தில் பேரியம் குளோரைடு சேர்த்து, பீனால்ப்தலீன் சொட்டு விட்டு, அமிலத்தால் மீதிக் காரத்தை அளப்பார்கள். மண் தொடாத புட்டிக்குச் செலவான அமிலத்திலிருந்து, மண்மேல் வைத்த புட்டிக்குச் செலவான அமிலத்தைக் கழித்து, அமிலத்தின் செறிவாலும் 22ஆலும் பெருக்கினால் கரியமில வாயு மில்லிகிராமில் வரும். எடுத்துக்காட்டாக அமிலமும் ஒரு நார்மல் செறிவு, செலவு 19.2 மி.லி.யும் 14.2 மி.லி.யும் என்றால் வித்தியாசம் 5, வாயு 110 மி.கி. வாளியின் விட்டம் 25 செ.மீ. என்றால் பரப்பு 0.0491 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு ஒரு நாளில் 2.24 கிராம், ஏக்கருக்குச் சுமார் 9 கிலோ.

உழுவதற்கு முந்தின நாள், உழுத உடனே, மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாள் என்று இரண்டு வகைப் பட்டையிலும் அளங்கள். கலப்பை கடந்த கால் மணி நேரத்துக்குள் வாளி இறங்கிவிட வேண்டும். மண் துளைகளில் தேங்கியிருந்த வாயு முதல் சில மணி நேரத்தில்தான் குபுக்கென்று வெளியேறும். நுண்ணுயிர்கள் வேலை செய்து வெளிவிடுவது அதற்கப்புறம் நிதானமாகத் தொடரும்.

இடையில் மழை வந்தால் அதையும் அளந்து, நோட்டில் குறியுங்கள். காய்ந்து கிடந்த மண் நனைந்தவுடன், உழுதாலும் உழாவிட்டாலும், நுண்ணுயிர் மூச்சு திடீரென ஏறும். அதை உழவின் தலையில் கட்டிவிடாதீர்கள். காரத்தில் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டதாகத் தெரிந்தால் அந்த நாள் எண் குறைவாகத்தான் காட்டும், அடுத்த தடவை கரைசலைக் கூட்டுங்கள். பயிர் வளரும்போது அளந்தால் வேர் விடும் மூச்சும் சேர்ந்துவிடும் என்பதால், பயிரில்லாத காலத்தில் செய்வதே தெளிவு.

9. டீசல் கணக்கு

தொட்டியை நிரப்பிவிட்டு ஓட்டச் சொல்லுங்கள். முடிந்ததும் மறுபடி நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்தது என்று குறியுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் தனியாகப் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 2.68 கிலோ கரியமில வாயு. உழாத பட்டையில் ஏக்கருக்கு 14 லிட்டர் மிச்சமானால் அது 37.5 கிலோ. மூடாக்கு வெட்டவோ களைக்கோ கூடுதலாக எரித்ததை இதில் கழித்துவிடுங்கள்.

10. கணக்குப் போடுதல்

ஒவ்வொரு அடுக்குக்கும்: கரிம விழுக்காடு × அடர்த்தி × ஆழம் செ.மீ.யில். விடை எக்டருக்கு டன். ஏக்கருக்கு வேண்டுமானால் 2.47ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. மூன்று அடுக்கிலும் அடர்த்தி 1.35 என்று வைப்போம். உழுத பட்டையில் மேலிருந்து கீழாக 0.48, 0.47, 0.42. உழாத பட்டையில் 0.58, 0.45, 0.38. மேல் அடுக்கில் மட்டும் பார்த்தால் உழாத பட்டை எக்டருக்கு 1.35 டன் கூடுதல். மூன்றையும் கூட்டினால் 18.5 டன்னும் 19.0 டன்னும், வித்தியாசம் அரை டன்னைத் தாண்டி ஏதோ கொஞ்சம். தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. உழுத மண் பொலபொலவென்று இருக்கும், உழாத மண் கொஞ்சம் இறுகி இருக்கும். உழுதது 1.25, உழாதது 1.40 என்று வையுங்கள். இரண்டிலும் கரிமம் துல்லியமாக 0.45தான். 30 செ.மீ.க்குக் கணக்குப் போட்டால் 16.9 டன்னும் 18.9 டன்னும் வரும். ஒரு பிடி கரிமம்கூடச் சேராமல் இரண்டு டன் ஏறிவிட்டது! இறுகிய மண்ணில் அதே ஆழத்துக்குள் அதிக மண் அடங்கிவிட்டதுதான் காரணம்.

இதைச் சரிசெய்ய, ஆழத்தை விட்டுவிட்டு மண்ணின் எடையைச் சமமாக்குங்கள். உழுத பட்டையில் 30 செ.மீ.க்குள் எக்டருக்கு 3,750 டன் மண், உழாததில் 4,200 டன். உழாத பட்டையின் கீழ் அடுக்கிலிருந்து 450 டன் மண்ணையும் அதிலுள்ள கரிமத்தையும் கழித்துவிடுங்கள். 450 டன்னில் 0.45 விழுக்காடு என்றால் 2 டன். இப்போது இரண்டு பட்டையும் 16.9தான். எந்த அறிக்கையில் உழாத முறைக்குப் பெரிய எண் இருந்தாலும், இந்தத் திருத்தம் செய்தார்களா என்று முதலில் பார்ப்பேன்.

கரிமத்தைக் கரியமில வாயுவாக மாற்ற 3.67ஆல் பெருக்குங்கள். முதல் எடுத்துக்காட்டின் 0.54 டன், வாயுவாகச் சுமார் 2 டன், ஏக்கருக்கு 0.8 டன். ஐந்து ஆண்டில் அது சேர்ந்தது என்றால், அதே ஐந்து ஆண்டில் டீசலில் மிச்சமானது ஏக்கருக்குச் சுமார் 190 கிலோ. மண்ணின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. ஆனால் ஒரு கோடையில் சட்டிக் கலப்பையை ஆழமாக இறக்கினால் அதில் ஒரு பங்கு திரும்பக் காற்றுக்கே போய்விடும். எரிக்காமல் விட்ட டீசல் அப்படிப் போகாது. இரண்டையும் ஒரே வரியில் கூட்டாமல் தனித்தனியாக எழுதி வைக்கச் சொல்வது இதனால்தான்.

11. மறுபடி எப்போது அளப்பது

அடுத்த ஆண்டே மாதிரி எடுக்க ஆசையாக இருக்கும். எடுக்காதீர்கள். எக்டருக்கு ஆண்டுக்கு 0.3 டன் கரிமம் சேர்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், 30 செ.மீ. மண்ணில் அது 0.007 விழுக்காடுதான். ஆய்வக அறிக்கையில் இரண்டு தசம இடம்தான் இருக்கும். ஒரே மாதிரியை இரண்டு தடவை அளந்தால் வரும் வித்தியாசமே இதைவிடப் பெரிது. ஒரு ஆண்டில் 0.1 ஏறிவிட்டது என்று யாராவது காட்டினால், மாதிரி எடுத்த ஆழத்தையும் இடத்தையும் கேளுங்கள்.

மூன்றாம் ஆண்டு ஒரு பார்வை, ஐந்தாம் ஆண்டு முழு அளவு. அதே மாதத்தில், மண்ணில் அதே மாதிரி ஈரம் இருக்கும்போது, அதே குழாயைக் கொண்டு. நடுவில் ஆண்டுதோறும் விளைச்சலையும் தட்டையின் எடையையும் முடிச்சுக் கயிற்றின் எண்ணையும் எழுதி வாருங்கள். ஐந்தாம் ஆண்டு எண் ஏறினாலும் இறங்கினாலும் ஏன் என்பதை அந்த நோட்டுதான் சொல்லும்.

மூன்று ஜோடிகளையும் தனித்தனியாகப் பாருங்கள். மூன்றிலும் உழாத பட்டை கூடியிருந்தால் நம்பலாம். ஒன்றில் கூடி, ஒன்றில் குறைந்து, ஒன்றில் மாறாமல் இருந்தால், சராசரி எவ்வளவு அழகாக வந்தாலும் ‘இன்னும் தெரியவில்லை’ என்றே எழுதுங்கள்.

ஐந்தாம் ஆண்டு மாதிரிகளைக் கொடுக்கும்போது, முதல் ஆண்டில் புட்டியில் அடைத்து வைத்த பதினெட்டையும் எடுத்து, எது பழையது எது புதியது என்று சொல்லாமல் வெறும் எண் மட்டும் போட்டு, ஒரே ஆய்வகத்தில் ஒரே தொகுதியாகக் கொடுங்கள். இடையில் ஆய்வகத்தின் ஆளோ மருந்தோ முறையோ மாறியிருந்தாலும், பழையதும் புதியதும் சேர்ந்தே அளக்கப்படுவதால் ஒப்பீடு கெடாது.